குதிரைக்காரன் ஆற்றைத் தாண்டவில்லை

ஒண்ணரை மணிக்கு, சாப்பாட்டு நேரமென்று, ஆபீஸ் ஜன்னல் பலகையைச் சாத்தியதில் கொஞ்சம் வேகம் கூடித்தான் போய்விட்டது, அந்தம்மா விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதைச் சோணைமுத்து பார்க்கத்தான் செய்தார், பார்த்தும் என்ன, பலகை விழுந்தது விழுந்ததுதான். நாற்பது வயசு இருக்கும், வெளிறிப்போன சேலை, கையில் வாரிசுச் சான்றுக்கான படிவம். "சார், இந்த அஞ்சாவது கட்டத்துல உறவுன்னு போட்டிருக்கே, அதுல கணவர்னு எழுதணுமா, மனைவின்னு எழுதணுமா?" அவ்வளவுதான் கேட்டது. அதற்கு இவர், "இது கூடத் தெரியாதாம்மா? படிக்கத் தெரியும்ல? படிச்சுப் பாருங்க. பின்னால நாலு பேரு நிக்கிறாங்கல்ல?" என்று கத்தியாயிற்று. பின்னால் யார் நின்றார்கள்? ஒரு ஈ காக்கா இல்லை. அந்தம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லாத அந்த நாலு பேருக்கும் வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி நின்றாள். அதுதான் இப்போது சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சரி விடு, முப்பது வருசமா எத்தனை பேரு, எத்தனை கட்டம், எல்லாருக்கும் உக்காந்து பாடமா நடத்த முடியும்? தயிர்சாதம். நார்த்தங்காய். மனைவி வசந்தா இன்றைக்கு உப்பை மறந்துவிட்டாள், அல்லது இவர் நாக்குத்தான் மறந்துவிட்டதோ என்னவோ. செக்‌ஷனில் மற்றவர்கள் மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். டப்பா மூடியில் போனைச் சாய்த்து வைத்து, வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, விளையாட்டைத் திறந்தார். ஐம்பத்தி நாலு வயசில், தாலுகா ஆபீஸ் உதவியாளர், பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?

ஆட்டத்துக்கு இங்கிலீஷில் என்னவோ பேர். மகள் சங்கவி அதைக் 'கோட்டை' என்பாள், அதனால் இவருக்கும் அது கோட்டை. தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள், காடு, மலை, ஆறு. இவருக்கு நாலு ஆள், அவளுக்கு நாலு ஆள். ஒரு முறை இவர் நகர்த்த வேண்டும், அடுத்த முறை அவள். அவள் புனேயில், இவர் இங்கே. பொங்கலுக்கு வந்தபோது அவளாகவே போனை வாங்கி ஏற்றிக் கொடுத்தாள். "போன் பண்ணா சாப்பிட்டியான்னு கேப்பீங்க, சாப்பிட்டேம்பேன், அம்மாகிட்ட குடுக்குறேம்பீங்க. அதுக்கு இது பரவால்லப்பா. நீங்க நகத்துங்க, நான் நகத்துறேன்." சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தாள். இருபத்தஞ்சு வயசுப் பெண் அப்பன் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறது. ஆனாலும் அன்றைக்கு அவருக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும், கூச்சமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. அதற்கப்புறம் தினம் ஒரு முறை, நாலு ஆளையும். இவருடைய வேல்காரன் ஒரு கட்டம், அவளுடைய வில்லாள் ஒரு கட்டம். அவள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கே நகர்த்தியிருந்தால், இன்னைக்குச் சீக்கிரம் எந்திரிச்சிட்டா போல என்று நினைத்துக்கொள்வார். சாயங்காலம் வரை நகர்த்தாவிட்டால், வேலை அதிகம் போல. ஒரு தடவை அவரது வேல்காரனைச் சுலபமாக வெட்டியிருக்கலாம், வெட்டாமல் சுற்றிக்கொண்டு போனாள். அன்று முழுக்க ஜன்னலில் யாரிடமும் அவர் கத்தவில்லை. வசந்தாகூட என்ன ஒரு மாதிரியா இருக்கீங்க என்றாள். இத்தனை வருசத்தில் மகளோடு இவ்வளவு பேசியதே கிடையாது, ஒரு வார்த்தை பேசாமல்.

பிறகு நின்றுபோயிற்று. ஒன்பது நாளாக அவள் பக்கத்திலிருந்து அசைவே இல்லை. திரையின் மேல் ஒரு மணல்கடிகாரம் கவிழ்கிறது, நிமிர்கிறது, கவிழ்கிறது. அதன் பக்கத்தில் முந்தாநாள் 3 இருந்தது, நேற்று 2, இன்றைக்கு 1. பத்து நாள் ஆட்டம் அசையாவிட்டால் தானாகக் கலைந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே சங்கவி சொல்லியிருந்தாள். கலையட்டும். யாருக்கு நஷ்டம்? தயிர்சாதத்தில் விரல் அப்படியே நிற்கிறது. கலையட்டும் என்றால் ஏன் அரை மணிக்கு ஒருதரம் திறந்து பார்க்கிறாய், சோணைமுத்து? ஆரம்பிச்சு வச்சவ அவ. பாதியில விட்டவளும் அவ. குரூப் பரீட்சைக்குக் கோச்சிங் சேர்த்துவிட்டார், ஆறு மாசத்தில் நின்றுவிட்டாள், அப்புறம் புனேயில் வேலை கிடைத்ததை அம்மாவிடம்தான் சொன்னாள். எல்லாமே அவளுக்குப் பாதிதான். ஆறாம் நாள் வாட்ஸ்அப்பில் அடித்தும் விட்டார். 'விருப்பம் இல்லைன்னா ஆரம்பிச்சிருக்கக் கூடாது. உனக்கு எதையும் முடிக்கத் தெரியாது. கோச்சிங் மாதிரிதான் இதுவும்.' அடித்த கையோடு அனுப்பினார். இரண்டு டிக் விழுந்து நீலமானது. பதில் இல்லை. மூன்று நாளாக அந்த நீலம் அங்கேயே கிடக்கிறது. கோபம் என்றால் திருப்பித் திட்ட வேண்டியதுதானே? கத்தினால் கத்த வேண்டும், அதுதான் மனுசத் தன்மை. இது என்ன, கிணற்றுக்குள் கல்லைப் போட்ட மாதிரி.

அவருக்கு அந்த ஆட்டத்தில் பாதி விஷயம் தெரியாது, அதையும் சொல்லியாக வேண்டும். குதிரைக்காரன் ஏன் ஆற்றைத் தாண்ட மாட்டேன் என்கிறான்? வேல்காரன் தாண்டுகிறான், கிழட்டு வில்லாள் தாண்டுகிறான், நாலு கால் இருக்கிற இவன் கரையில் நின்று முழிக்கிறான். எதிர்க்கரைக் கட்டத்தைத் தொட்டால் சிவப்பாகிறது. காட்டுக்குள் போனால் ஏன் எல்லாரும் ஒரு கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள்? தலைக்கு மேல் ஒரு கேடயம் முளைக்கிறதே, அது நல்லதா கெட்டதா? யாரிடம் கேட்பது? தமிழ் ஆட்டக்காரர்களுக்கென்று டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறது, அதில் 'எஸ்.எம்.' என்று ரெண்டே எழுத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார், ரெண்டு மாசமாக, வாயைத் திறக்காமல். 'வணக்கம், குதிரை ஏன் ஆற்றைத்' என்பது வரை அடித்து அழித்திருக்கிறார், ஏழெட்டுத் தடவை இருக்கும். அங்கே எவனாவது புதுசாகக் கேட்டால் போதும், நூப் நூப், அதாவது கத்துக்குட்டி, என்று சொல்லிச் சொல்லி மொய்த்துவிடுவார்கள், சிரித்துச் சிரித்து அழுகிற மஞ்சள் மூஞ்சிகளாக வரிசை கட்டும். தொண்ணூத்தி அஞ்சில் முதல் போஸ்டிங், முதல் நாள், ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நாடாவை மேலிருந்து கோப்பதா கீழிருந்து கோப்பதா தெரியவில்லை. தலைமை எழுத்தரிடம் போய்க் கேட்டார். அந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "யோவ் எல்லாரும் இங்க வாங்கய்யா, பட்டதாரிப் புள்ள என்ன கேக்குதுன்னு கேளுங்க" என்றார். வந்தார்கள். எட்டுப் பேர். டீ கொண்டு வந்தவரும் நின்று கேட்டார். அந்த நாடா வெள்ளை நாடா, நுனியில் தகரம், இப்போதும் விரல் நுனியில் அந்தத் தகரம் குத்துகிறது. அன்றைக்கு முடிவு செய்தார், இனி ஒருத்தனிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்கவும் இல்லை. ஒளிந்து பார்த்தார், பழைய கோப்புகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார், தப்பாகச் செய்து திட்டு வாங்கித் திருத்திக்கொண்டார். நான் யாருகிட்டய்யா கேட்டுக் கத்துக்கிட்டேன், என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறார், பெருமையாக.

குழுவில் இன்றைக்கு என்ன ஓடுகிறது என்று சும்மா விரலால் தள்ளினார். எவனோ ஒரு புதியவன் கேட்டிருந்தான். 'அண்ணா, நாலு நாளா எதிராளி ஆடவே மாட்டேங்கிறாரு. நான் என் ஆளுங்கள நகத்திட்டேன். மணல்கடிகாரம் சுத்துது. என்ன பண்றது?' கீழே வழக்கம்போல மஞ்சள் மூஞ்சிகள், பதினாலு. அவருக்கும் அதே நிலைமைதான், மகளும் இப்படித்தான், இருந்தாலும் நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே நார்த்தங்காயைக் கடித்தார். மூஞ்சிகளுக்குக் கீழே ஒருத்தர் பதில் போட்டிருந்தார். 'தம்பி, உன் ஆளுல எவனாவது ஒருத்தன் நகராம நிப்பான் பாரு. எல்லாரும் நகந்தாத்தான் முறை தானா அந்தப் பக்கம் போகும். ஒருத்தன் மிச்சம் இருந்தாலும் முறை உங்கிட்டதான் இருக்கும். அவனை நகத்த முடியலைன்னா கீழே மூலையில மணி இருக்குல்ல, அதை அடி. அப்பத்தான் போகும். உன் எதிராளி பாவம், உனக்காகக் காத்துக்கிட்டிருக்காரு.' நார்த்தங்காய் வாயில் அப்படியே இருந்தது. மறுபடி படித்தார். எவனாவது ஒருத்தன் நகராமல். கோட்டையைத் திறந்தார். வேல்காரன் நகர்ந்திருக்கிறான், இரண்டாவது வேல்காரன் நகர்ந்திருக்கிறான், வில்லாள் நகர்ந்திருக்கிறான். குதிரைக்காரன். முன்னால் ஆறு, பின்னால் மலை, இரண்டு பக்கமும் நம்மாட்களே அடைத்துக்கொண்டு. ஒன்பது நாளாக அவன் அங்கேயே நிற்கிறான். கீழே மூலையில் ஒரு குட்டி மணி, மங்கலான மஞ்சளில். மூன்று மாசமாக அது அங்கே இருந்திருக்கிறது. ஏதோ சத்தம் வைக்கிற பொத்தான் என்று நினைத்திருந்தார். ஆபீஸில் மானம் போகுமென்று சத்தத்தையெல்லாம் முதல் நாளே அணைத்துவிட்டவர் அல்லவா, மணியை அவர் தொடுவானேன்?

கோப்பில் குறிப்பு எழுதியாயிற்று, கையெழுத்துப் போட்டாயிற்று, கோப்புத் தட்டில் வைத்தாயிற்று, மேலே எடுத்துப்போவது எடுத்துப்போகிறவன் பாடு, அப்படித்தான் முப்பது வருசமும் ஓடியது. தட்டில் வைத்தால் போய்விடும். போகாத கோப்பும் உண்டு, அது அவருக்குத் தெரியாதா? "உங்க ஃபைல் மேல போயிருச்சுங்க, அங்கதான் நிக்குது" என்று ஜன்னலில் சொல்லும்போது அது அவர் முழங்கைக்குக் கீழேயே கிடந்த நாட்கள் எத்தனை. சொல்லுகிறபோது முழங்கையை எடுக்க மாட்டார். ஐயோ, ஐயோ, இது அதுவேதான். கோப்பு இவர் மேஜையில், திட்டு அவளுக்கு. உனக்கு எதையும் முடிக்கத் தெரியாது. புனேயில் ஒரு அறை, மூன்று பெண்கள் சேர்ந்து இருப்பதாக வசந்தா சொன்னாள், அங்கே கட்டிலில் உட்கார்ந்து இதைப் படித்திருப்பாள், கையில் அதே கோட்டை, அதில் அப்பாவின் முறை, ஆறு நாளாக அப்பாவின் முறை. அவளுக்குத் தெரியும். முழுக்கத் தெரியும். 'அப்பா, உங்க முறைதான்ப்பா' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். ஏன் போடவில்லை? ஏன் கேட்கவில்லை, ஏன்ப்பா ஆட மாட்டேங்கிறீங்க என்று? ஏன் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் இத்தனை நேரம் சுற்றிக்கொண்டு இருக்கிறார். ஏழாம் வகுப்பு. சாப்பாட்டு மேஜை. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் கேட்டாள், "அப்பா, பின்னத்தை வகுக்கும்போது ரெண்டாவதை ஏன்ப்பா தலைகீழாப் போடணும்?" போடணும் என்று தெரியும். ஏன் என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்த ஒரு நொடியில் எட்டுப் பேரும் டீக்காரரும் வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள், அவர் கத்தினார். "இது கூடத் தெரியாதா? ஏழாங்கிளாஸ் வந்துட்ட, இது கூடத் தெரியாம என்னத்தப் படிச்ச?" அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது பரவாயில்லை. "சரிப்பா" என்று நோட்டை மூடினாள். அதற்கப்புறம் அவரிடம் கணக்கு கேட்கவில்லை, வழி கேட்கவில்லை, புனே எப்படிப் போவது என்றுகூடக் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, தானாப் படிச்சுக்கிறா, என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெட்கமாக இருந்தது. அந்த அஞ்சாவது கட்டமும், சொல்லப்போனால், அவருக்குத் தெரியாது. படிவம் மாறி ரெண்டு மாசம்தான் ஆகிறது. இறந்தவர் இவங்களுக்கு என்ன உறவா, இவங்க இறந்தவருக்கு என்ன உறவா? ரெண்டு விதமாகவும் வந்தது, ரெண்டும் மேலே போயிற்று, சிலது திரும்பி வந்தது. தெரியாத இடத்தில்தான் அவர் சத்தம் கூடுகிறது. எப்போதுமே. பலகை விழுந்த வேகம்கூட அதுதான்.

கையைக் கழுவவில்லை, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மணியைத் தொட்டார். மணல்கடிகாரம் போய்விட்டது. ஒன்று என்கிற எண்ணும் போய்விட்டது. குதிரைக்காரன் மட்டும் அங்கேயே நின்றான். ஆட்டம் கலையாது, அவ்வளவுதானே, இதோடு விட்டுவிடலாமா? முறை போய்விட்டது, அவள் பார்ப்பாள், நகர்த்துவாள், பழையபடி ஓடும். அந்த மூன்று வரி? அது பாட்டுக்குக் கிடக்கும், நீலமாக, கீழே புதுச் செய்திகள் வந்தால் மேலேறிப் போய்விடும். அப்படித்தானே எல்லாம் போயிருக்கிறது அந்த வீட்டில். வாட்ஸ்அப்பைத் திறந்து, 'இங்க சிக்னல் சரியில்லம்மா, ஒம்போது நாளா' என்று அடித்தார். நல்ல பொய், ஆபீஸ் பொய், முழங்கைப் பொய். அழித்தார். 'போன்ல ஏதோ கோளாறு.' அழித்தார். 'கோச்சிங் பத்தி எழுதினதை' என்று ஆரம்பித்தார், அதற்கப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, மன்னிப்பு என்கிற வார்த்தை அரசாங்கக் கடிதத்தில்தான் அவர் எழுதியிருக்கிறார், தாமதத்திற்கு. மணி ஒண்ணு அம்பத்தி ஏழு. வெளியே பெஞ்சில் அந்தம்மா இருமுவது கேட்டது, அரை மணி நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். மனசுக்குள் அந்தப் பழைய தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிறார். வைக்கட்டும். எல்லாரும் வரட்டும். கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். 'சங்கவி, முறை ஒம்போது நாளா எங்கிட்டதான் இருந்திருக்கு. அப்பாவுக்கு அது தெரியல. ஒன்னை அப்படித் திட்டினது தப்பு. மணி அடிக்கணும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.' அனுப்பினார். போதாது என்று பட்டது. அது தப்பை ஒத்துக்கொள்கிறது, சரி, ஆனால் கேட்கவில்லை. அவளிடம் அவர் எதையுமே கேட்டதில்லை, சாப்பிட்டியா தவிர. இன்னொன்று அடித்தார். 'குதிரைக்காரன் ஏன்ம்மா ஆத்தைத் தாண்ட மாட்டேங்கிறான்? அப்பாவுக்குத் தெரியல. நீ சொல்லித் தர்றியா?' அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ரெண்டு மணி. பலகையை மெதுவாகத் தூக்கினார். அந்தம்மா எழுந்து வந்தாள், வரும்போதே படிவத்தை நீட்டிக்கொண்டு, விரலை மட்டும் ஜன்னல் விளிம்புக்கு வெளியே வைத்துக்கொண்டாள். அஞ்சாவது கட்டம் காலியாக இருந்தது. "படிச்சுப் பாத்தேன் சார், எனக்குப் புரியல" என்றாள், அடி விழுவதற்கு முன்னாலேயே கன்னத்தைத் திருப்பிக்கொள்கிறவள் குரலில். "எனக்கும் தெரியலம்மா" என்றார் சோணைமுத்து. அந்த ஜன்னலில் அவர் இதுவரை சொல்லாத வார்த்தை. சொன்னதும் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை, ஆனால் அந்தம்மா பயந்துவிட்டாள். இதுவும் துரத்துகிற வழிகளில் ஒன்று என்றுதான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. "ஏன் சார் இப்படிச் சொல்றீங்க? ஒங்களுக்கே தெரியலைன்னா நான் யார்ட்டப் போயிக் கேக்குறது?" அவர் தடுமாறிப்போனார். "இல்லம்மா, நெசமாத்தான். புதுப் பாரம். இருங்க, உள்ள தாசில்தார்ட்டக் கேட்டுட்டு வர்றேன். போயிறாதீங்க." அவள் நம்பவில்லை. அவர் எழுந்து ஒரு அடி வைத்ததும் மேஜையில் போன் அதிர்ந்தது. ஒருமுறை, ரெண்டுமுறை. திட்டியிருப்பாள். திட்டட்டும், நல்லா நாலு வார்த்தை திட்டட்டும். இல்லை, எல்லாம் விளக்கமாக எழுதியிருப்பாள், நம்பர் போட்டு. திருப்பிப் பார்த்தார்.

'கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்ப்பா. அதான் கேக்கல.'

அதற்குக் கீழே இன்னொன்று.

'குதிரை ஏன் தாண்டாதுன்னு எனக்கும் தெரியாதுப்பா. ரெண்டு வருசமா வெளையாடுறேன். ஆறு வந்தா சுத்திப் போயிருவேன். யார்கிட்டயும் கேட்டதில்ல.'